படம் முழுக்க நாமே இருக்கிறோம், ஊர் எங்கே?

ஏப்ரல் பிறந்துவிட்டால் புகைப்படக் கண்காட்சி அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. அம்பேத்கர் பிறந்த மாதம், தலித் வரலாற்று மாதம் என்று நம் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் சுவரேறுகின்றன. மகிழ்ச்சிதான். ஒரு காலத்தில் அந்தச் சுவர்கள் நமக்கு இல்லை. இதையொட்டி இன்னொன்றும் பெருகியிருக்கிறது. "உங்கள் பகுதி இளைஞர்களுக்கு மூன்று நாள் புகைப்படப் பயிற்சி தருகிறோம், அவர்கள் கதையை அவர்களே படங்களாகச் சொல்லட்டும்" என்று தொண்டு நிறுவனங்களும் கல்லூரித் துறைகளும் சேரிகளைத் தேடி வருகின்றன. முதல் நாள் கேமரா பிடிக்கக் கற்றுத்தருவார்கள். இரண்டாம் நாள் படமெடுக்க அனுப்புவார்கள். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சான்றிதழ் கொடுப்பதற்கு முன்பு, அரை மணி நேரம் ஒதுக்கி 'ஃபீட்பேக்' கேட்பார்கள். அது படத்தைப் பற்றியா, பயிற்சியைப் பற்றியா, சாப்பாட்டைப் பற்றியா என்பது யாருக்கும் தெரியாது.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் என்னவென்று நம் மக்களுக்கு நன்றாகவே தெரியும். ஆலை வருவதற்கு முன்பு நடக்கும். ஷாமியானா போட்டு, போலீஸை நிறுத்தி, ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் கையெழுத்து வாங்கிப் போவார்கள். சேரியில் நடக்கும் புகைப்படத் திட்டங்களின் கருத்துக்கேட்பும் பெரும்பாலும் அதே சாயலில்தான் இருக்கிறது. படங்களைத் தேர்ந்தெடுப்பவர் நகரத்தில் இருக்கிறார். வரிசைப்படுத்துபவரும் அவர்தான். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுபவரும் அவர்தான். படமெடுத்த பிள்ளைக்கும் படத்தில் இருக்கும் ஆயாவுக்கும் திறப்பு விழாவில் ஆளுக்கொரு நாற்காலி கிடைக்கும்.

எங்கள் நிலைப்பாடு இதுதான். எடுத்த படங்களைத் தரையில் பரப்பி, அந்தப் படங்களில் இருப்பவர்களும் அக்கம்பக்கத்தாரும் சுற்றி உட்கார்ந்து பேசும் இடத்தில்தான் ஒரு புகைப்படக் கதை உருவாகிறது. எந்தப் படம் இருக்க வேண்டும், எது போக வேண்டும், எது முதலில், கீழே என்ன எழுத வேண்டும் என்ற முடிவுகள் அந்த வட்டத்திடம் இல்லாவிட்டால், கேமராவை யார் கையில் கொடுத்தாலும் அது பழைய படத்தைத்தான் எடுக்கும்.

பழைய படம் எது?

நம்மைப் பற்றிய படங்கள் இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கின்றன. பிளந்த குதிகால், குழிவிழுந்த கன்னம், ஓலை சரிந்த குடிசை, மலக்குழிக்குள்ளிருந்து மேலே பார்க்கும் ஒரு தலை. கறுப்பு வெள்ளையில் போட்டால் விருது நிச்சயம். படத்தில் இருப்பவரின் பெயர் இருக்காது. எடுத்தவரின் பெயர் இருக்கும்.

வன்கொடுமை செய்பவர்களும் நம்மைப் படமெடுக்கிறார்கள். 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனா பகுதியில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள், அதைத் தாங்களே கைப்பேசியில் பிடித்து, பெருமையோடு பரப்பினார்கள். அந்தக் காணொளி எங்களைப் பார்த்து விடுத்த மிரட்டல். அதை நம் மக்கள் சாட்சியமாக்கி, மாட்டின் பிணங்களை அரசு அலுவலகத்தின் முன் கொண்டுபோய்ப் போட்டு, நாடே திரும்பிப் பார்க்கும் போராட்டமாக்கினார்கள். படம் மாறவில்லை. அதை வைத்துக்கொண்டு பேசிய கூட்டம் மாறியது, கதையும் மாறிவிட்டது.

இரக்கத்தோடு எடுக்கப்படும் படங்களின் கதை என்ன? உலகப் புகழ்பெற்ற ஒன்றைச் சொல்கிறோம். 1936இல் கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டொரோதியா லாங் எடுத்த 'புலம்பெயர் தாய்' படம். தோளில் முகம் புதைத்த இரண்டு குழந்தைகள், மடியில் ஒன்று, தூரத்தைப் பார்க்கும் தாய். பொருளாதாரப் பெருமந்தத்தின் அடையாளமாகவே அந்த முகம் ஆகிப்போனது. அந்தப் பெண்ணின் பெயரை லாங் கேட்கவில்லை. நாற்பதாண்டுகளுக்குப் பிறகு, 1978இல்தான் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவரது பெயர் வெளியில் தெரிந்தது. அவர் செரோகி பழங்குடிப் பெண் என்பதும் அதன்பிறகே பரவலாகத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு கூட வரவில்லை, அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருந்தினார். லாங் கெட்டவர் இல்லை. ஏழைகள் மீது உண்மையான அக்கறை கொண்டவர். ஆனாலும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசப்பட்ட ஆயிரம் கூட்டங்களில் ஒன்றில்கூட அந்தத் தாய்க்கு இடம் இல்லை. அக்கறை மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

நம் தலைவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கொத்தடிமையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட மனிதர். சுமார் 160 படங்கள் இன்று கிடைக்கின்றன. எதிலும் பல்லைக் காட்டிச் சிரிக்கமாட்டார். சிரிக்கும் அடிமை என்ற வெள்ளையர்களின் கற்பனைக்குத் தன் முகத்தைத் தர மாட்டேன் என்பதுதான் காரணம். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் கூடிய பெண்களிடம், தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்டுவதை விட்டுவிடுங்கள், ஈய வெள்ளி நகைகளைக் கழற்றி எறியுங்கள் என்றார் அண்ணல். அவரது கோட்டும் டையும் மூக்குக் கண்ணாடியும் இன்று ஒவ்வொரு சேரி வீட்டுச் சுவரிலும் இருப்பதற்குப் பின்னால் ஒரு முடிவு இருக்கிறது. நாம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிப்போம் என்ற முடிவு.

ஒரு ஆணியின் கதை

கூட்டாக உட்கார்ந்து படத்தைப் பேசும் வழக்கம் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. பிரேசிலின் பாவ்லோ ஃபிரேய்ரே எழுத்தறிவு வட்டங்களில் படங்களை வைத்து உழைப்பாளிகளைப் பேசவைத்தார். அந்த வழியில் 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இருவர் 62 கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்தார்கள். அந்தப் படங்களை அந்தப் பெண்களே கூடிப் பேசி, அதிகாரிகளின் முன் வைத்தார்கள். 'போட்டோவாய்ஸ்' என்று இன்று சமூகப்பணிக் கல்லூரிகளில் பாடமாக இருப்பது அதுதான்.

அதற்கும் முன்பு 1973இல் பெரு நாட்டில் நடந்ததை நாடகக்காரர் அகஸ்தோ போவால் எழுதியிருக்கிறார். ஒரு எழுத்தறிவுத் திட்டத்தில் மக்களிடம் கேமராவைக் கொடுத்து, கேள்விக்குப் பதிலைப் படமாக எடுத்துவரச் சொன்னார்கள். 'சுரண்டல் என்றால் என்ன?' என்ற கேள்விக்கு ஒரு சிறுவன் எடுத்துவந்தது, சுவரில் அடித்த ஒரு ஆணியின் படம். பெரியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற சிறுவர்கள் எல்லாரும் அதுதான் சரியான பதில் என்றார்கள். பேச்சில்தான் விஷயம் வெளிவந்தது. அந்தச் சிறுவர்கள் ஷூ பாலிஷ் போடுபவர்கள். தூரத்துக் குடியிருப்புகளிலிருந்து நகரத்துக்கு வருகிறார்கள். தினமும் பெட்டியைச் சுமந்துகொண்டு போய்வர முடியாது. இரவில் பெட்டியை மாட்டிவைக்க, கடைச் சுவரில் இருக்கும் ஆணிக்குக் கடைக்காரர்களுக்கு வாடகை கட்டுகிறார்கள்.

இந்தப் படம் சென்னையில் உட்கார்ந்து தேர்வு செய்யும் ஒருவர் முன் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் சுற்றிலேயே குப்பைக்குப் போயிருக்கும். அந்தப் படத்தின் பொருள் அந்தச் சிறுவர்களின் கூட்டு அறிவுக்குள் இருந்தது. நம் சேரிகளிலும் இப்படி ஆயிரம் ஆணிகள் இருக்கின்றன.

திண்ணையில் நடந்தவை

விழுப்புரம் பக்கம் ஒரு காலனியில், இரவுப் பாடசாலைத் திண்ணையில், எட்டு மாதங்களாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு மாலையில் கூடுகிறோம். படமெடுப்பவர்கள் 14 பேர். கல்லூரிப் பிள்ளைகள், செங்கல் சூளைக்குப் போகும் இளைஞர்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் இரண்டு அக்காக்கள். எல்லாம் கைப்பேசியில் எடுத்ததுதான். கூட்டத்துக்கு முன் மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டுவிடுவோம். கைப்பேசியில் பார்த்தால் பார்ப்பவர் ஒருவர், நகர்த்துபவர் ஒருவர். தரையில் பரப்பினால் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், கையில் எடுக்கலாம், இடம் மாற்றலாம், கவிழ்த்துவைக்கலாம். கவிழ்த்துவைத்த படம் வெளியே போகாது. இதுதான் முதல் விதி.

ஆறாவது கூட்டம் என்று நினைக்கிறோம். முந்நூறு படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. குடிநீர்க் குழாய், மழையில் ஒழுகும் தொகுப்பு வீடு, தெருவில் தேங்கிய சாக்கடை. நூறு நாள் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போட்டோவுல பூரா நம்மளே இருக்கோம். அவுங்க எங்க?"

ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. சாதியைப் பற்றிய கதை என்று சொல்லிக்கொண்டு எடுத்த படங்களில் சாதியை நடத்துபவர் ஒருவர்கூட இல்லை. எங்களுடைய 300 படங்களுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை இது. தமிழில், ஏன் இந்தியாவில், சாதியைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகச் சேரிக்குத்தான் வருகிறார்கள். சாதி என்னவோ சேரியில் மட்டும் விளைவதுபோல. சேரியின் குழாயில் தண்ணீர் வராததற்கு முடிவெடுக்கப்பட்ட இடம் ஊரில் இருக்கிறது. தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நோய் ஒரு வீட்டில், ஸ்கேன் எடுப்பது பக்கத்து வீட்டில் என்றால் அது என்ன வைத்தியம்?

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு கதையின் திசையே மாறியது. சிலர் ஊர்த்தெருவைப் படமெடுக்கத் தயங்கினார்கள், தயக்கம் நியாயமானது. அடுத்த இரண்டு கூட்டங்கள் எதை எடுப்பது என்பதைவிட எங்கே நின்று எடுப்பது என்றே நடந்தன. ஒரு தம்பி, தார்ச் சாலை முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்தில் நின்று, ஊர்ப் பக்கம் பார்த்து ஒன்றும் காலனிப் பக்கம் திரும்பி ஒன்றும் எடுத்தான். மனிதரே இல்லாத இரண்டு படங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கமே தேவையில்லை. தேர்த் திருவிழாவை எப்படிக் காட்டுவது என்ற பேச்சு வந்தபோது வயதான ஒருவர் சொன்னார்: "தேர எடுக்காத. திரும்புற எடத்துல முட்டுக்கட்ட போட்ட தடம் ரோட்டுல கெடக்கும். அத எடு." திருவிழா முடிந்த மறுநாள் காலையில், யாருமில்லாத தெருமுனையில், சக்கரம் நசுக்கிய தாரையும் கட்டை பதிந்த குழியையும் எடுத்து வந்தார்கள். அந்த இடத்துக்கு அப்பால் தேர் ஒருபோதும் வந்ததில்லை. எந்தப் புகைப்படக் கல்லூரி ஆசிரியரும் சொல்லித்தந்திருக்க முடியாத படம் அது. அந்தப் பெரியவரின் அறுபதாண்டுக் காத்திருப்புதான் அதைச் சொல்லித்தந்தது.

இன்னொரு படம். தூய்மைப் பணியாளர் ஒருவரின் மகள், சாக்கடைக்குள் இருக்கும் அப்பாவின் கைகளை மிக நெருக்கத்தில் எடுத்திருந்தாள். வெளியிலிருந்து வந்து பார்த்த புகைப்படக்கலை நண்பர், இதுதான் மொத்தத் தொகுப்பின் அட்டைப் படம் என்றார். அடுத்த கூட்டத்துக்கு அந்த அப்பாவே வந்தார். படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "கை மட்டும் எதுக்குமா? எனக்கு மூஞ்சி இல்லையா?" என்றார். பிறகு அவரே சொன்னார்: ஆபீஸ் பீரோவில் கையுறையும் பூட்ஸும் பிரிக்காமல் இருக்கின்றன, மேலதிகாரி வரும் நாளில் மட்டும் வெளியே வரும், எடுக்க வேண்டுமென்றால் அதை எடு. அந்த மகள் ஒற்றைப் படத்தை நான்காக்கினாள். விடிகாலையில் முகச்சவரம் செய்யும் அப்பா, பூட்டிய பீரோ, சாக்கடையில் கை, மாலையில் குளித்துச் சட்டை மாற்றிப் பேத்தியைத் தூக்கிவைத்திருக்கும் அப்பா. 'பாவம்' என்று சொல்லவைத்த படம் 'யார் பொறுப்பு?' என்று கேட்கவைக்கும் கதையானது.

ஆனால் அவர் ஒப்பந்தப் பணியாளர். பீரோ படம் வெளியே வந்தால் வேலை போகும். ஒப்பந்தம் புதுப்பிக்கும்வரை இந்த நான்கையும் கவிழ்த்தே வைப்போம் என்றார். வைத்திருக்கிறோம். தொகுப்பில் இருப்பதிலேயே சிறந்த படங்கள் அவை, யாரும் பார்க்க முடியாது. வயிற்றெரிச்சல்தான். அதற்காக வேறு வழி உண்டா? அந்தப் படத்துக்கு விலை கொடுக்கப்போவது அவர். பாராட்டு வாங்கப்போவது நாம். முடிவு அவருடையதாகத்தான் இருக்க முடியும்.

மூன்றாவது, சுடுகாட்டுப் பாதை. ஊர்த்தெரு வழியே பிணம் போகக் கூடாது என்பதால் நாற்று நட்ட வயலில் இறங்கிப் பாடையைச் சுமந்துபோகும் காட்சியை ஒரு கல்லூரி மாணவர் எடுத்திருந்தார். இறந்தவரின் மனைவி, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்தப் படத்தைக் கூட்டத்தில்கூட வைக்கக் கூடாது என்றார். பிறகு வந்து உட்கார்ந்து பேசினார். இரண்டு படங்கள் இரண்டு இடத்துக்குப் போவதென்று முடிவானது. பாடையும் முகங்களும் வயல் வரப்பும் தெளிவாகத் தெரியும் படம், பாதை கேட்கும் மனுவோடு திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம். முழங்கால்வரை சேற்றில் இறங்கிய கால்கள் மட்டும் தெரியும் படம், கண்காட்சிக்கு. "அவரு மொகத்த ஊரு ஜனம் வேடிக்க பாக்க வேணாம், கலெக்டரு பாத்தா போதும்" என்றார் அந்த அம்மா. சாட்சியத்துக்கும் காட்சிக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலிலும் நாங்கள் படித்ததில்லை.

எப்படிப் பேசுவது?

இதே வேலையைச் செய்யும் தோழர்களுக்காகச் சில நடைமுறைகள். படத்தைப் பற்றி முதலில் பேச வேண்டியவர், படத்தில் இருப்பவர். அவர் இல்லாவிட்டால் அவர் வீட்டார். அடுத்து சுற்றியிருப்பவர்கள். படமெடுத்தவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. தான் நினைத்ததை அவர் முதலிலேயே சொல்லிவிட்டால், மற்றவர்கள் அதையேதான் பார்ப்பார்கள். வெளியிலிருந்து வரும் கலைஞர், பேராசிரியர், எங்களைப் போன்ற சமூகப் பணியாளர் எல்லாரும் கடைசி. எம்.ஏ. படித்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் "ஆமாம் சார்" என்பதோடு கூட்டம் முடிந்துவிடும்.

'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? சட்டகத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள்? இது ஏன் இப்படி இருக்கிறது? முன்பின் தெரியாத ஒருவர் பார்த்தால் என்ன நினைப்பார்? வெளியே போனால் யாருக்கு என்ன ஆகும்? இந்த ஐந்தும் போதும். கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காத படத்தைத் தொங்கவிடக் கூடாது.

படத்தின் கீழே எழுதுவதைப் பேசியவரின் வாய்மொழியிலேயே எழுதுங்கள். 'விளிம்புநிலை மக்களின் இருத்தலியல் துயரம்' என்று எழுதினால் படத்தில் இருக்கும் ஆயாவுக்கே அது யாரைப் பற்றியது என்று தெரியாது. எழுதியதைச் சத்தமாகப் படித்துக்காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். பெயர் போடச் சொன்னால் முழுப் பெயர் போடுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். ஒருமுறை சம்மதித்தவர் அடுத்த மாதம் மறுக்கலாம். அதற்கும் உரிமை உண்டு.

காலனிக்குள்ளும் ஒரு ஊர்

கூட்டத்திடம் முடிவை விட்டால் கலை செத்துவிடும், ஊர்ப் பஞ்சாயத்துபோல ஆகிவிடும் என்று சில கலைஞர்கள் சொல்கிறார்கள். இந்தக் கவலையை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. தன் வீட்டைத் தானே படமெடுக்கும் ஒரு தலித் கலைஞரின் தனித்த பார்வை வேறு விஷயம். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊரடங்குக் காலத்தில் தன் குடும்பத்தை எடுத்த படங்கள் அப்படிப்பட்டவை. 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த மதுரையின் பழனிகுமார், தூய்மைப் பணியாளர் குடும்பங்களோடு பல ஆண்டுகள் கூடவே இருந்து எடுப்பவர். அவர்களுக்குக் கூட்டம் கூட்டித் தரவேண்டிய அவசியமில்லை. அந்த உறவே கூட்டம்தான். நாங்கள் பேசுவது, 'சமூகத்தின் குரல்' என்று பெயர் சூட்டி, அந்தப் பெயரில் நிதி வாங்கி நடத்தும் திட்டங்களைப் பற்றி. சமூகத்தின் பெயரால் வாங்கினால் சமூகத்துக்குக் கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும்.

கூட்டத்துக்கும் அதிகாரப் படிநிலை உண்டு என்பது அதைவிட முக்கியமான எதிர்வாதம். இதை ஒளிக்காமல் பேச வேண்டும். சேரிக்குள் ஆண் சத்தமாகப் பேசுவார், பெண் வாசற்படியில் நிற்பார். பறையர் வீடுகள் நூறு இருக்கும் காலனியில் அருந்ததியர் வீடுகள் ஓரத்தில் ஐந்தோ ஆறோ இருக்கும். அந்த வீடுகளின் படம் வட்டத்துக்கு வந்தால், "இதெல்லாம் எதுக்கு, நம்ம ஒத்துமைய கெடுக்கும்" என்று ஒரு குரல் வரும். நம்மை ஊர் சொன்ன அதே வார்த்தை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் எடுத்த படத்துக்கும் அதே தடைதான். அதனால்தான் பெண்கள் தனியாகவும், எண்ணிக்கையில் குறைந்த வீட்டார் தனியாகவும் முதலில் கூடி, தாங்கள் தேர்ந்த படங்களோடு பெரிய வட்டத்துக்கு வருகிறார்கள். கவிழ்த்துவைக்கும் உரிமை படத்தில் இருப்பவருக்குத்தான். 'நமக்கு அவமானம்' என்று பக்கத்தில் இருப்பவர் கவிழ்க்க முடியாது. குடித்துவிட்டு அடித்தவனின் முகம் அந்தப் படத்தில் இல்லை. அவன் உடைத்த அரிசிப் பானைதான் இருக்கிறது. அந்தப் படம் இன்றும் நிமிர்ந்தேதான் இருக்கிறது.

படம் சாட்சியாகும்போது

நாம் எடுக்கும் படங்கள் ஒருநாள் நீதிமன்றம் போகக்கூடும் என்ற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொதுக் குளம், குழாய், சுடுகாடு, பாதை ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும், செருப்புப் போட்டு நடப்பதை, வண்டி ஓட்டிப் போவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பதையும் தனித்தனிக் குற்றங்களாகப் பட்டியலிட்டிருக்கிறது. இவை எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடியவை, படத்தில் பிடிக்கக்கூடியவை. ஆகவே மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதன் தரம் குறைந்துவிடும். எடுத்த நேரம், இடம் பற்றிய விவரங்களும் போய்விடும். கைப்பேசியிலிருந்து நேரடியாக வேறொரு கருவியில் நகல் எடுத்து வையுங்கள். மின்னணுச் சான்றுக்கு முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்கீழும், 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவின்கீழும் சான்றிதழ் தர வேண்டும். யார், எந்தக் கைப்பேசியில், எப்போது எடுத்தார் என்று கூட்டத்தின் குறிப்பேட்டில் அன்றைக்கே எழுதிவைத்தால் பின்னால் உதவும். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணையும் குழந்தைகளையும் அடையாளம் காட்டும் படம் எக்காரணம் கொண்டும் வெளியே போகக் கூடாது. சட்டப்படியே அது குற்றம்.

படத்தின் கதையை நாம் எழுதிவைக்காவிட்டால் வேறு யாரோ எழுதுவார்கள் என்பதற்கு வேங்கைவயலைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே மக்களில் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. தொட்டியின் மேல் எடுத்த கைப்பேசிக் காட்சிகள் அப்போது ஊடகங்களில் சுற்றின. தண்ணீரில் என்ன கிடக்கிறது என்று பார்க்க ஏறியபோது எடுத்தவை என்று மக்கள் சொன்னார்கள். காட்சி ஒன்றுதான். அதற்குக் கீழே எழுதிய வரி யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே சேரிக்குக் கேமராவோடு வரும் நண்பர்களிடம் மூன்று கோரிக்கைகள். பயிற்சிக்கு மூன்று நாள் என்றால், பேசுவதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். நிதி கேட்கும் விண்ணப்பத்திலேயே அந்த மாதங்களையும், கூலி வேலையை விட்டுவந்து உட்காருபவர்களுக்கான அன்றைய கூலியையும் எழுதுங்கள். முதல் கண்காட்சியைப் படமெடுத்த காலனியிலேயே வையுங்கள். நகரத்துக் கலைக்கூடம் இரண்டாவதாக இருக்கட்டும். படங்களின் மூலக் கோப்புகளும் உரிமையும் அந்த மக்களிடமே இருக்கும் என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் தயவுசெய்து ஊர்த்தெருவுக்குப் போய்ப் பயிற்சி கொடுங்கள். சாதி இந்து இளைஞர்களிடம் கேமராவைக் கொடுத்து, 'உங்கள் வீட்டில் சாதி எங்கே இருக்கிறது, படமெடுத்து வாருங்கள்' என்று சொல்லுங்கள். தனி டம்ளரை, பின்வாசலை, பூட்டிய கோயில் கதவை, மகளின் கைப்பேசியை அப்பா சோதிக்கும் இரவை அவர்கள் எடுத்து வரட்டும். அந்தப் படங்களைத் தரையில் பரப்பி அவர்களும் சுற்றி உட்கார்ந்து பேசட்டும்.

அந்தக் கண்காட்சிக்கு அழைப்பிதழ் அனுப்புங்கள். நிச்சயம் வருகிறோம்.

ஜெய் பீம்.